மாட்டு கம்பவுண்டர் வாசித்த மூன்று குழுக்கள்

நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்திருப்பதாகச் சொன்னீர்கள். பெயர் வைத்தாயிற்று, பனியன் அச்சடித்தாயிற்று, சாலையோரம் ஃப்ளெக்ஸும் கட்டியாயிற்று, ஒத்திகை மட்டும் இன்னும் தொடங்கவில்லை என்றீர்கள். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த குழுக்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தன.

"உங்க அனுபவத்த சொல்லுங்க சார்" என்று கேட்டீர்கள். எந்த கீபோர்டு வாங்கலாம், எந்தப் பாட்டுக்கு எந்தத் தாளம் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதில் இல்லாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலும் என் முட்டாள்தனங்கள்.

நான் ஜவ்வாது மலைமேல் ஒரு கால்நடை மருந்தகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவன். மாட்டைப் பிடித்துக் கட்டுவது, காயத்துக்கு மருந்து வைப்பது, டாக்டர் சொன்னால் ஊசி போடுவது. மலையில் என்னை மாட்டு கம்பவுண்டர் என்பார்கள். விடுமுறை நாட்களில் வாசித்தேன். பகுதி நேரக் கலைஞன் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தகத்தில் என்னைப் பாட்டுக்காரன் என்றார்கள், பாட்டுக்காரர்கள் மாட்டுக்காரன் என்றார்கள். இரண்டு பேரும் கிண்டலாகத்தான் சொன்னார்கள்.

முதல் குழு ஒடுகத்தூரில் இருந்த ஒரு பேண்டு செட்டு. பன்னிரண்டு பேர். சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் குஞ்சம். சட்டைகள் எல்லாம் ஒரே அளவு, ஆட்கள்தான் பல அளவு. மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பார். நான் டிரம்பெட். இரண்டு வருடம் பின் வரிசையில் நின்று ஒரே மூன்று சுரங்களை ஊதிக்கொண்டிருந்தேன். தனியாக வாசிக்கும் இடத்தை மாஸ்டர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. சாப்பாட்டுப் பந்தியில்கூட அவர்தான் முதலில் உட்காருவார்.

ஒரு மாசி மாதம் மலைக்கிராமம் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் கோயில் வரை போக வேண்டும். வேனில் ஏறும்போதே மாஸ்டர் சொன்னார். "இன்னிக்கு கோயிலாண்ட நீ தனியா ஊது. பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை ஏறும் வரை வாய்க்குள்ளேயே ஊதிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய நாவல் மரம். அதன் அடியில்தான் நல்ல நிழல், அங்கேதான் கூட்டம் நின்றது. புளி உலுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், கையில் நீளமான கோலோடு எங்களைப் பார்த்து நின்றாள்.

"மாஸ்டரே, இங்க நின்னு அடிக்காதீங்க. மேல பூச்சி கீது. அந்தாண்ட தள்ளிப் போயி அடிங்க."

மாஸ்டர் மேலே பார்க்கவே இல்லை. "பூச்சிக்குப் பயந்தா பேண்டு அடிக்க முடியுமாம்மா? நாங்க எத்தினி ஊரு பாத்தவங்க!"

நான் மேலே பார்த்தேன். கிளையில் முறம் அகலத்துக்கு ஒரு தேனடை தொங்கியது. மலைத்தேனீ. கறுப்பாக, மூச்சு விடுவது போல அசைந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கட்டிப்போட்டிருந்த ஒரு காளை இந்தத் தேனீ கொட்டி என் கண் முன்னால் செத்துப்போனது. கீழே இருந்து வந்த பன்னிரண்டு பேரில் அந்தப் பூச்சி என்ன செய்யும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பத்துப் பேர் முன்னால் அவருக்கு அவமானமாகும், அந்தக் கோபத்தில் என் தனி வாசிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று தோன்றியது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு டிரம்பெட்டைத் தூக்கினேன்.

பெரிய டிரம் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் மரத்தடியிலேயே சரவெடியைக் கொளுத்தினான். அந்தப் புகைக்கு நடுவில், என் வாழ்நாளிலேயே உயரமான சுரத்தை நான் பிடித்தேன். அதைக் கேட்க முதலில் இறங்கி வந்தவை தேனீக்கள்.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மாஸ்டர். பெரிய டிரம் வாசித்தவர் டிரம்முக்குள் தலையை விடப் பார்த்தார். அதற்கு இரண்டு பக்கமும் தோல் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் மாலையில் பூ இருந்ததால் தேனீக்கள் அவரை விடவே இல்லை. யாரோ தார்ப்பாயைப் போட்டு அவரை மூடி உருட்டிக்கொண்டு போனார்கள்.

சிரித்தது போதும். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இருபது கொட்டுக்கு மேல். கழுத்து வீங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. என் மருந்துப் பெட்டி வேனில் இருந்தது. அன்று சாயங்காலம் அங்கிருந்தே நேராக வேலைக்குப் போக வேண்டும் என்று எடுத்து வந்திருந்தேன். அது ஊருக்கே தெரியும்.

"கம்பவுண்டரே, பொட்டிய தொற! மாட்டுக்குப் போடுவியே, அந்த ஊசியப் போடு!"

மாப்பிள்ளையின் அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "இன்னாய்யா பாத்துனு கீற? எங்கண்ணன் போயிடுவான்யா, போடுய்யா!"

பெட்டியைத் திறந்தேன். புட்டியும் கையில் வந்துவிட்டது. அது அவரைக் காப்பாற்றலாம், அதுவே அவரைக் கொல்லவும் செய்யலாம். மாட்டுக்கு எவ்வளவு என்று தெரியும், மனுஷனுக்கு எவ்வளவு என்று தெரியாது. சுற்றி ஐம்பது பேர் நிற்கும்போது எதையாவது செய்துவிட்டால் ஆம்பளை, சும்மா இருந்தால் கோழை. புட்டியை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன்.

"நான் மாட்டு கம்பவுண்டரு. மனுசனுக்குப் போடத் தெரியாது எனக்கு. ஜீப்ப எடுங்க."

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அந்தக் கன்னத்தோடேயே ஜீப்பில் ஏறி, அவரைச் சாய விடாமல் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டார்கள். "வர்றதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது போட்டீங்களா?" இல்லை என்றேன். "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

மாப்பிள்ளை கண் திறக்க முடியாமல் அக்கா கையைப் பிடித்து வழிகாட்டத் தாலி கட்டினார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் ஒரே முகம்.

அடுத்த வாரத்திலிருந்து மாஸ்டர் போகிற ஊரிலெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "நம்ம ஆளு ஊதுனதுல தேனீயே மயங்கி எறங்கி வந்துச்சுன்னா பாத்துக்கயேன்!" அறைந்தவரும் பழத்தட்டோடு வந்து, ஊசி போடாததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் பழத்தைச் சாப்பிட்டேன். ஊசி கேட்டதற்கு அரை மணி நேரம் முன்னால், மரத்தடியில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

என் மேலுதட்டில் மூன்று கொட்டு. இரண்டு மாதம் டிரம்பெட்டைத் தொட முடியவில்லை. அந்த இடைவெளியில் கீபோர்டு கற்றுக்கொண்டேன். சில வருடங்களில் கல்யாண வீடுகள் பேண்டு செட்டை விட்டுவிட்டுச் செண்டை மேளத்தைக் கூப்பிட ஆரம்பித்தன. மாஸ்டர் செண்டைக்காரர்களைத் திட்டிக்கொண்டே கேட்டரிங் தொழிலுக்குப் போனார். நன்றாகவே இருக்கிறார்.

இரண்டாவது குழு போளூரில். அதன் ஓனர் பந்தல், சேர், சீரியல் லைட்டு, ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் வாடகைக்கு விட்டவர். பாட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சேர் உடைந்தால் எவ்வளவு வருத்தப்படுவாரோ அதே அளவு பாட்டு உடைந்தாலும் வருத்தப்படுவார்.

ஆரம்பத்தில் உண்மையாகத்தான் வாசித்தோம். நான் கீபோர்டு, முனிரத்தினம் டோலக், இன்னும் மூன்று பேர். ஒருநாள் ஓனர் ஒரு லேப்டாப்போடு வந்தார். பாட்டுகளின் இசை முழுவதும் அதில் இருந்தது.

"நீங்க வாசிக்கிறதுல ஒரு நாளு நல்லா வருது, ஒரு நாளு சொதப்புது. இனிமே இது ஓடும். நீங்க கைய மட்டும் ஆட்டுங்க. பாக்கறவனுக்கு லைவ்வா இருக்கணும், அவ்ளோதான்."

முனிரத்தினம் முணுமுணுத்தார். நான் அதுகூடச் செய்யவில்லை. என் கீபோர்டின் வயரைக் கறுப்புத் துணிக்கு அடியில் செருகி வைத்தார்கள். அதன் இன்னொரு முனையை எதிலும் குத்தவில்லை. இரண்டு வருடம் இப்படி வாசித்தேன். இதில் ஆச்சரியம் என்னவென்றால், என் பெயர் மலை முழுக்கப் பரவியது அந்த இரண்டு வருடத்தில்தான். "கம்பவுண்டரு வெரலு பறக்குதுப்பா" என்றார்கள். தப்பே இல்லாமல் வாசித்தால் பறக்காதா? ஒன்பது பொன்னாடை வாங்கினேன். கொஞ்ச நாளில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒரு பாட்டு முடிந்து கை தட்டும்போது, சிரமப்பட்டு வாசித்தவன் போல நெற்றியைத் துடைத்துக்கொள்வேன்.

அந்தக் குழுவில் ஒரு பாடகி இருந்தார். திருப்பத்தூரில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயரைப் போட்டால் திட்டுவார், அதனால் போடவில்லை. எங்கள் ஐந்து பேரில் உண்மையில் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். ஓடுகிற இசைக்கு மேலே சொந்தக் குரலில் பாடுவார். ஓனருக்கு அதுவும் ஒரு அபாயமாகப் பட்டது. ஒரு நாள் குரலோடு பதிவு செய்த பாட்டுகளைக் கொண்டு வந்தார். வேறு யாரோ பாடியது.

அன்று மலையில் ஒரு கோயில் திருவிழா, மதிய நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் அவர் ஓனரைக் கேட்டார்.

"என் தொண்ட நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு நான் ஊம மாதிரி வாயசைக்கணும்?"

"ரிஸ்க் வேணாம்மா. நீ அழகா நில்லு, அது போதும்."

அழகாக நின்றார். இரண்டு பாட்டு போயிற்று. மூன்றாவது பாட்டின் நடுவில் வெயிலில் காய்ந்த லேப்டாப் சிக்கிக்கொண்டது. பெட்டியில் இருந்த குரல் "லா, லா, லா" என்று ஒரே எழுத்தில் நின்று தும்ம ஆரம்பித்தது. பாடகி உடனே வாயை மூடிக்கொண்டார். முனிரத்தினம் கையை எடுத்துவிட்டார். நான் மட்டும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பிரமாதமாக ஒரு இடையிசை வாசித்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி எழுந்தார். "ஏம்பா, பொட்டி தும்முது, இவரு இன்னும் வாசிச்சினு கீறாரே!"

சிரிப்பு ஒரு அலை மாதிரி வந்தது. ஓனர் ஓடிப்போய் லேப்டாப்பை அணைத்தார். மேடையில் சத்தமே இல்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சலாக மாறியது. "ஏமாத்துறானுங்கடா" என்று ஒரு குரல். ஒரு செருப்பு வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் விழுந்தது.

பாடகி என் பக்கம் திரும்பி, மைக்கைக் கீழே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணா, வயர குத்துங்க. நான் பாடறேன்."

நான் ஓனரைப் பார்த்தேன். அவர் தூணுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வயரை இப்போது எடுத்துக் குத்தினால் இதுவரை குத்தவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா!

"குத்துங்கண்ணா."

"ஓனரு..." என்றேன். என் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

அவர் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. முன்னால் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்து, "பொட்டி போச்சு. நான் இருக்கேன்" என்றார். இசை எதுவும் இல்லாமல் பாட ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது வரியில் முன் வரிசை அடங்கியது. பல்லவி திரும்ப வந்தபோது முனிரத்தினம் டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டு சேர்ந்துவிட்டார். செருப்பு எறிந்தவன் தலையில் பக்கத்தில் இருந்தவர் ஒன்று போட்டார்.

நான் வயரைக் குத்தியபோது சரணம் பாதி முடிந்திருந்தது. குத்தி மூன்று சுரம் வாசித்தேன். மூன்றும் தப்பு. இரண்டு வருடம் சத்தம் வராத கட்டைகளில் ஓடிப் பழகிய விரல்கள், சத்தம் வந்ததும் பயந்துவிட்டன. கையை எடுத்துவிட்டேன். அவர் ஆறு பாட்டு பாடினார். ஆறுக்கும் நான் மேடை அலங்காரமாக உட்கார்ந்திருந்தேன்.

வேனில் மலை இறங்கும்போது ஓனர் பேசினார். "சொன்ன பேச்சக் கேக்காதவங்க நமக்கு வேணாம்மா. நாளையிலேர்ந்து வராத."

ஓனரோடு ஆறு பேர் இருந்தோம். மலைப்பாதை முழுக்க ஒருவரும் பேசவில்லை. அவர் பாடியதால்தான் அன்று அடி வாங்காமல் வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அடிவாரத்தில் அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இவ்ளோ நேரம் வாயே தொறக்காம வந்தீங்களே, இதுக்கும் பொட்டியில எதுனா ஓடுதா?"

அடுத்த நாள் முனிரத்தினம் அந்தக் குழுவை விட்டுப் போனார். நான் இன்னும் ஏழு மாதம் இருந்தேன். அதில் பத்தாவது பொன்னாடையும் வந்தது.

வெட்கம் உடனே வரும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தவணையில் வந்தது. கடைசியில் ஒருநாள் வீட்டில் கீபோர்டை எடுத்து வைத்து, வயரைக் குத்தி, விட்ட இடத்திலிருந்து பழக ஆரம்பித்தேன். காலை ஐந்தரை மணிக்கு. என் மனைவி எழுந்து வந்து கேட்டாள். "மேடையில அவ்ளோ நல்லா வாசிப்பீங்களே, வூட்டுல மட்டும் ஏன் இப்படி?"

ஒரு வருடம் கழித்துத் திருப்பத்தூருக்குப் போய் அந்தப் பாடகியின் கடை வாசலில் கீபோர்டோடு நின்றேன். அவர் அதற்குள் சொந்தக் குழு ஆரம்பித்திருந்தார். முனிரத்தினம் அவரோடுதான். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. தைத்துக்கொண்டே சொன்னார். "வாசிங்க."

"இங்கேயா?"

"மேடை மட்டும் இன்னா அமைதியாவா இருக்கும்?"

இரண்டு தையல் மெஷின் ஓடுகிறது. ஒரு அம்மா பிளவுஸ் கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டை போடுகிறார். நான் எனக்குத் தெரிந்த கடினமான இடமெல்லாம் வாசித்தேன். அவர் பாடிப் பார்த்தார், இரண்டு வரியில் நிறுத்திவிட்டார்.

"வெரலு நல்லா ஓடுது. ஆனா நான் பாடறப்ப எதுக்கு ஓடணும்? எனக்கு மூச்சு வாங்க எடம் குடுங்க, போதும். மூணு மாசம் கழிச்சு வாங்கண்ணா."

அண்ணா என்று சொல்லித்தான் வெளியே அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் போனேன். சேர்த்துக்கொண்டார். அவர் குழுவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். தொழில் என்று நான் கற்றது அங்கேதான். பாட்டுப் பட்டியலை மேடைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார். ஒருமுறை பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பந்தியில் அடிதடி. நாங்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டோம். அவர் குழந்தைகளை எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டு ஆடவிட்டார். இரண்டு பக்கத்து அம்மாக்களும் சண்டையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் போட்டோ எடுக்க வந்துவிட்டார்கள். ஆண்கள் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டு, பார்க்க ஆள் இல்லாததால் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது என் காதைப் பற்றி.

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சமயம் வலது காதில் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து வருடம் ஸ்பீக்கருக்கும் டோலக்குக்கும் நடுவில் உட்கார்ந்தவனுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் கேட்காவிட்டால் மலையில் டவர் இல்லை என்பேன். ஒத்திகையில் கேட்காவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரரைத் திட்டுவேன். அவர் பெயர் சேகர். பொறுமைசாலி. என் பக்கத்து ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒரு கும்பாபிஷேகம். மலைக்கிராமம், காலை வெயில். பாடகிக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அழுத்திப் பாடவே கூடாது என்று கண்டிப்பு. இந்த ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஓய்வு எடுப்பதாக இருந்தார். ஏறுவதற்கு முன்னால் என்னிடம் சொன்னார். "எல்லாப் பாட்டையும் ரெண்டு படி கீழ எறக்கிடுங்கண்ணா. இன்னிக்கு மேல போக முடியாது."

"எறக்கிட்டா போச்சு" என்றேன்.

கீபோர்டில் ஸ்ருதியை மாற்ற இரண்டு பொத்தான் உண்டு, ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. வெயிலில் எண் தெரியவில்லை. நான் ஏற்றுகிற பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிட்டேன். இதில் பெரிய தப்பு இல்லை, யாருக்கும் நடக்கும். காது உள்ளவனுக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை.

அவர் முதல் வரியில் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அந்த உயரத்துக்கே ஏறிப் பாடினார். சாமி பாட்டுகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே வரும், நடுவில் நிறுத்த முடியாது. திரும்பி விரலைக் கீழே காட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து வால்யூமைக் குறைத்தேன். மறுபடியும் காட்டினார். இன்னும் குறைத்தேன். அவர் முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உடம்பு சரியில்லாததால் ஸ்ருதி விலகுகிறது போல என்று எண்ணி, கவனமாகப் பாடு என்பது போல அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

மூன்றாவது பாட்டில் குரல் கிழிந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மைக்கைத் துணைப் பாடகரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

முனிரத்தினம் ஓடி வந்து என் கீபோர்டைப் பார்த்தார். "கம்பவுண்டரே, மேல ஏத்தி வெச்சிகீறியே! இன்னாய்யா பண்ண?"

"நான் சரியாத்தான் வெச்சேன். சேகர் ஸ்பீக்கர்ல இன்னாவோ பண்ணிட்டான். எனக்கு எதுவுமே கேக்கல" என்றேன். சத்தமாகவே சொன்னேன். விழாக்காரர்கள் நான்கு பேர் போய் சேகரைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் ஸ்ருதியை ஏற்றாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பாட்டுப் பாதியில் நின்ற கோபத்தில் யார் கேட்பார்கள்? அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் பாடகி பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் திரும்புமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் வேறு குழுக்களுக்குப் போயின. முனிரத்தினம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பத்தாம் நாள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சு சார், வாங்க" என்றார்கள்.

பரிசோதனை முடிவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு முதலில் சேகரின் கடைக்குப் போனேன். படித்தார். "இத அங்க சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார். அவ்வளவுதான். அன்று விழாவில் நின்ற நான்கு பேருக்கும் அவர் எதிரிலேயே போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நான்கு பேரில் ஒருவருக்கு அந்தச் சண்டையே நினைவில்லை. சேகருக்கு இருந்தது.

பிறகு திருப்பத்தூர். பாடகி தைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை மெஷின் மேல் வைத்தேன். வாயால் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். "காது போயி ரெண்டு வருசம் ஆச்சும்மா. தெரிஞ்சேதான் மறைச்சேன். வெளிய தெரிஞ்சா நீ என்ன நிறுத்திடுவன்னு பயம். உன் தொண்டைய நான்தான் கெடுத்தேன்."

அவர் தாளைப் படிக்கவே இல்லை. போனை எடுத்து எதையோ நிதானமாகத் தட்டச்சு செய்து என் பக்கம் திருப்பினார்.

"ஒரு வருஷமா எனக்குத் தெரியும். பெரியவர், சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று மரியாதைக்கு விட்டுவிட்டேன். நீங்கள் இறக்கிவிட்டீர்களா என்று அன்றைக்கு ஒரு தடவை நான் பார்த்திருக்க வேண்டும்."

போனைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தேன். அவர் போனை வாங்கி இன்னொரு வரி சேர்த்தார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

அன்று வேனில் பார்த்தது போல இந்த முறை நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. சரி என்றேன். கீபோர்டை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போது அதை வாசிப்பது ஒரு நர்சிங் மாணவி. அவளுக்கு எறும்பு நடக்கிற சத்தம் கேட்கும் என்கிறார் முனிரத்தினம். ஆமாம், இப்போது பேசுகிறார்.

பாடகியின் குரல் ஐந்தாவது மாதம் திரும்பியது. முன்பு போல இல்லை, மேல் பகுதி போய்விட்டது. அவர் பாட்டுகளைக் கீழே இறக்கிக்கொண்டார், கூட்டமும் பழகிக்கொண்டது. போன மாதம் மலையில் ஒரு கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு முழுசாகக் கேட்டது. முடிந்ததும் எழுந்து போய், இரண்டாவது பாட்டில் சரணம் இழுவையாக இருந்தது என்று சொன்னேன். முறைத்தார். அடுத்த ஊரில் சரி செய்துவிட்டார்.

நீங்கள் ஐந்து பேரும் இதைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்று ஒரு செய்தி அனுப்புவீர்கள் என்று தெரியும். அனுப்ப வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவனுக்கு வாசிக்க வராது என்பதும், அது மற்ற நான்கு பேருக்கும் தெரியும் என்பதும் உங்கள் ஃப்ளெக்ஸ் போட்டோவிலேயே எனக்குத் தெரிந்தது. நான்கு பேர் ஒரு பக்கம் பார்க்கிறீர்கள், அவன் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். முதல் நிகழ்ச்சிக்கு முன்னால் போய் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சொன்ன பிறகும் ஐந்து பேராகவே இருந்தால், ஒத்திகையைத் தொடங்குங்கள்.